எழுப்பிவிடும் ரிக்ளைனர்: அம்மாவுக்கு வாங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. சில வருடங்களாகப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். உயரம் ஐந்தடி, எடை 58 கிலோ. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடந்துவிடுகிறார். ஆனால் சோபாவில் உட்கார்ந்துவிட்டால் யாராவது கையைப் பிடித்துத் தூக்கினால்தான் எழ முடிகிறது. பகலில் வீட்டில் அவரும் அப்பாவும் மட்டும்தான். ரிமோட்டை அழுத்தினால் ஆளை எழுப்பிவிடும் ரிக்ளைனர் வாங்கித் தருவதாக அண்ணன் சொல்கிறார். வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? இரவில் அதிலேயே தூங்கவைக்கலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: வாங்கலாம். நடக்க முடிகிறது, எழுவதுதான் சிரமம் என்கிறீர்கள். இந்த நாற்காலி பயன்படுவது அப்படிப்பட்டவர்களுக்குத்தான். காலை ஊன்றி நிற்கவே முடியாதவருக்கு இதை வாங்கக் கூடாது. நாற்காலி அவரை முன்னால் சாய்த்து இருக்கையின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும், நிற்க முடியாமல் அங்கிருந்து வழுக்கி விழுவார்.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். நம் வீட்டு சோபாக்கள் பெரும்பாலும் தாழ்வானவை, மெத்தையும் உள்ளே அமுங்கும். இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்டால் நல்ல கால் உள்ளவருக்கே எழுவது கஷ்டம். கை வைத்த உறுதியான மர நாற்காலியில், தரையிலிருந்து 43 முதல் 45 செ.மீ. உயரம் வரும்படி அழுத்தமான மெத்தை போட்டு உட்காரவையுங்கள். இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும் அளவுக்குக் குனிந்து, கைப்பிடியை அழுத்தி எழச் சொல்லுங்கள். பார்க்கின்சன் உள்ளவர்கள் போதுமான அளவு முன்னால் சாய்வதில்லை. அதனால்தான் பாதி எழுந்து மறுபடி பின்னால் விழுகிறார்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் சில நாள் வந்து இதைப் பழக்கினால் சிலருக்கு மோட்டாரே தேவைப்படாது. எப்படியானாலும் அப்பா கையைப் பிடித்து இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். அம்மாவின் தோள்பட்டைக்கும் கெடுதல், அப்பாவின் இடுப்புக்கும் கெடுதல்.

இன்னொன்று, ரத்த அழுத்தம். பார்க்கின்சன் நோயாலும் அதற்கான மாத்திரைகளாலும் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை பாருங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். சாய்ந்து, காலைத் தூக்கி வைத்திருந்த ஒருவரை இந்த நாற்காலி ஒரே மூச்சில் நிமிர்த்தி நிறுத்திவிடும். தலைசுற்றல் உள்ளவருக்கு அதுவே ஆபத்து. முதலில் நேராக உட்காரவைத்து, இரண்டு மூன்று நிமிடம் பாதங்களை மேலும் கீழும் அசைத்த பிறகுதான் தூக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். 'மோட்டார் ரிக்ளைனர்' என்று விற்பதில் பல, பின்னால் சாயும், கால் தாங்கி எழும், அவ்வளவுதான். ஆளை எழுப்பாது. இருக்கை முழுவதும் முன்னால் சரிந்து உயர்கிறதா என்று இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஆடுவது, சுழல்வது எல்லாம் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

மற்ற எல்லாவற்றையும் விட அளவு முக்கியம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்த நாற்காலிகளில் பல, நெடுநெடுவென்று வளர்ந்த ஆளுக்கென்றே செய்தது போல இருக்கும். ஐந்தடி உயரப் பெண்ணுக்குத் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை ஏறக்குறைய 38 செ.மீ.தான் வரும். இருக்கை 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் கால் தொங்கும். பாதம் தரையில் பதியாத நிலையில் நாற்காலி தூக்கத் தொடங்கினால் சறுக்குவார். ஆழமும் அப்படித்தான். முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அம்மாவுக்கு ஏறக்குறைய 40 செ.மீ. ஆழம் போதும், கடையில் இருப்பது 50க்கு மேல் இருக்கலாம். அப்போது முதுகு சாய்மானத்தில் படாது, கூன் விழுந்தபடி உட்காருவார். சிறிய அளவில் கிடைக்கிறதா, அளவு கொடுத்தால் செய்து தருவார்களா என்று கேளுங்கள். அம்மாவை அழைத்துப் போகாமல் வாங்காதீர்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் உட்காரவைத்துப் பார்த்தால் எல்லா நாற்காலியும் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன், உடல் இறுகியிருக்கும் நேரத்திலும் பாருங்கள்.

ஒற்றை மோட்டார் என்றால் முதுகும் காலும் சேர்ந்தே நகரும். இரட்டை மோட்டாரில் தனித்தனியாக நகர்த்தலாம். நாள் முழுக்க அதில் உட்காரப் போகிறவருக்கு இரட்டை நல்லது, விலை கூடுதல். உங்கள் அம்மா சில மணி நேரம் மட்டும் உட்காருவார் என்றால் ஒற்றையே போதும்.

ரெக்சின் துடைக்கச் சுலபம். ஆனால் திருச்சி வெயிலுக்கு வியர்த்து ஒட்டும், சேலை வழுக்கும். துணி உறையும், தேவைப்பட்டால் அதன் மேல் நீர் புகாத விரிப்பும் போடுங்கள். சேலை முந்தானையோ நைட்டியின் ஓரமோ இயங்கும் பகுதியில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரிமோட்டில் பொத்தான்கள் பெரிதாக, குறைவாக இருக்கட்டும். நடுக்கம் குறைவான கைப்பக்கம் அதை மாட்டித் தரச் சொல்லுங்கள். மறதி, குழப்பம் இருந்தால் ரிமோட் அப்பாவிடம் இருப்பதுதான் பாதுகாப்பு.

மின்சாரம் போனால்? பராமரிப்பு மின்தடை அன்று காலையில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார் என்றால் மாலை வரை அப்படியே இருக்க முடியாது. பேட்டரி வசதி உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் மாட்டுங்கள். வயர் நடக்கும் வழியில் கிடக்கக் கூடாது. பின்னால் சாய்வதற்குச் சுவரிலிருந்து இடைவெளி வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரை என்றால் நாற்காலி நகராமல் அடியில் ரப்பர் பட்டை போடுங்கள். பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால், உயர்த்திய நாற்காலியைக் கீழே இறக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள். குழந்தைகள் அங்கே போய் ஒளிந்துகொள்ளும், இயந்திரத்தில் நசுங்கும் அபாயம் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் முழு உயரத்துக்குத் தூக்கவிடாதீர்கள். பாதி தூக்கியதும் நிறுத்தி, மீதியை அவரே கையை ஊன்றி எழட்டும். தொடைத் தசையைப் பயன்படுத்தாவிட்டால் அது வேகமாக வலுவிழக்கும். அப்புறம் வாக்கரும் கைவிட்டுப் போகும். உடல் இறுகியிருக்கும் நேரத்துக்கு முழுத் தூக்கலை வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு முறையாவது எழவேண்டும். சாய்ந்தே கிடந்தால் வால் எலும்பிலும் குதிகாலிலும் புண் வரும்.

இரவுத் தூக்கத்துக்குப் படுக்கைதான். நாற்காலியில் முழங்காலும் இடுப்பும் மடங்கியே இருக்கும். மாதக்கணக்கில் அப்படித் தூங்கினால் நீட்ட முடியாமல் இறுகிவிடும், ஏற்கெனவே தேய்ந்த மூட்டுக்கு அது இன்னும் மோசம். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்பதால் அம்மா நாற்காலியைக் கேட்கிறார் என்றால் விஷயமே வேறு. இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

படுத்தும் நின்றும் எடுத்த ரத்த அழுத்த அளவுகளை மூன்று நாள் குறித்து, மாத்திரை நேரங்களோடு உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்காலிக்கு முன்பணம் அதற்குப் பிறகு கட்டலாம்.