சராசரியில் முதலிடம் போதுமா?

கேள்வி: தொலைவில் இருக்கும் நண்பரும் நானும் ஒரே பொட்டலத்துத் தானிய அமராந்த் (தானியத்துக்காக வளர்க்கும் கீரை இனம்) விதையைப் பிரித்து விதைத்தோம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவருக்கு அறுவடையே முடிந்துவிட்டது. வெகு வடக்கே இருக்கும் எனக்கோ செடி தலைக்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. விதையில் கலப்படமா?

பதில்: விதையைச் சந்தேகிக்க வேண்டாம், பகல் நீளத்தைப் பாருங்கள். தானியத்துக்கு வளர்ப்பவை மூன்று இனங்கள்: மெக்சிகோவின் ஹைப்போகான்ட்ரியாகஸ், நடு அமெரிக்காவின் குருவென்டஸ், ஆண்டீஸ் மலையின் காடேட்டஸ். இவற்றில் பல ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். வடக்கே கோடைப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும்போது செடி தண்டும் இலையுமாகப் பெருத்துக்கொண்டே போகும். பூத்து முற்றுவதற்குள் உறைபனி வந்தால் எல்லாம் போச்சு. நண்பரின் ஊரில் ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், அதனால் சீக்கிரம் பூத்துவிட்டது. குருவென்டஸில் பகல் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாத ரகங்கள் உண்டு. அடுத்த முறை அவற்றைத் தேடுங்கள். காடேட்டஸ் வேண்டுமானால் குளிர்ந்த உயரமான இடம் வேண்டும், சூடான சமவெளியில் அது தளர்ந்துவிடும்.

இந்தியாவிலேயே இமயமலைச் சரிவுக்கு அன்னபூர்ணா, குஜராத் சமவெளிக்கு குஜராத் அமராந்த், கர்நாடகத்துக்கு சுவர்ணா என்று தனித்தனியாக ரகங்கள் வந்தது இப்படிப்பட்ட வேறுபாடுகளால்தான்.

கேள்வி: பல இடங்களில் நடத்திய ரகப் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறது. சராசரி மகசூலில் முதலில் நிற்கும் ரகத்தை எடுத்துக்கொள்ளலாமா? என் நிலம் மேட்டு நிலம், மானாவாரி.

பதில்: சராசரியை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். ஒரு ரகம் நல்ல நிலத்தில் ஹெக்டேருக்கு 3 டன்னும் வறண்ட நிலத்தில் 0.8 டன்னும் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று 2 டன், 1.3 டன். சராசரி முதலாவதற்கு 1.9, இரண்டாவதற்கு 1.65. பட்டியலில் முதலாவதுதான் மேலே இருக்கும். ஆனால் உங்கள் மேட்டு நிலத்தில் அதை விதைத்தால் ஹெக்டேருக்கு அரை டன் குறையும்! இடம் மாறும்போது ரகங்களின் வரிசையே தலைகீழாவதை நான் பரிசோதனை வயல்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

1963இல் ஃபின்லே, வில்கின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பார்லியை வைத்து இதற்கு ஒரு எளிய வழி காட்டினார்கள். ஓர் இடத்தில் எல்லா ரகங்களும் சேர்ந்து தரும் சராசரியையே அந்த இடத்தின் தரமாகக் கொள்ள வேண்டும். அந்தத் தரம் கூடக்கூட ஒவ்வொரு ரகத்தின் மகசூலும் எவ்வளவு ஏறுகிறது என்று கோடு போட வேண்டும். அந்தக் கோட்டின் சாய்வு, அதாவது ஏறும் வேகம், 1 என்றால் மற்ற ரகங்களோடு ஒட்டியே போகிறது. 1க்கு மேலே என்றால் வளமான இடத்தில் பாய்ந்து ஏறும், வறண்ட இடத்தில் அதே வேகத்தில் இறங்கும். 1க்குக் கீழே என்றால் அதிகம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. 1966இல் எபர்ஹார்ட், ரஸ்ஸல் இருவரும் கோட்டிலிருந்து மகசூல் எவ்வளவு விலகுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். விலகல் அதிகமானால் அந்த ரகத்தை முன்கூட்டிக் கணிக்க முடியாது.

சரி, சாய்வு குறைவாக இருந்தாலே நல்ல ரகமா? இல்லை. எல்லா இடத்திலும் மோசமாக விளைகிற ரகத்துக்கும் சாய்வு குறைவாகவே இருக்கும். அறிக்கையில் உங்கள் மண்ணையும் மழையையும் ஒத்த இடங்களைத் தனியே பிரித்து, அங்கே எது முந்துகிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் சாய்வு. ஒரே ஆண்டு முடிவு என்றால் நான் நம்பமாட்டேன், ஒரு மழை தப்பினாலே வரிசை மாறிவிடும்.

கேள்வி: நானே நாலு ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: முளைப்பில். விதை ஏறத்தாழ 1 மி.மீ. தான். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பல விதைகள் மேலே வராது. மழைக்குப் பின் மண் மேலே இறுகினாலும் அப்படித்தான். செடி அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால் பக்கக் கிளை விட்டுப் பெருத்துவிடும், உங்கள் ஒப்பீடு கெட்டுவிடும். அதனால் அடர்த்தியாகத் தூவி, பிறகு எல்லாப் பாத்தியிலும் மிகுதிச் செடிகளைப் பிடுங்கி ஒரே இடைவெளிக்குக் கலைத்து விடுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரே ஒரு பாத்தி போதாது, மூன்று நான்கு இடங்களில் மாற்றி மாற்றிப் போடுங்கள். எடையோடு பூத்த நாளையும் சாய்ந்த செடிகளையும் அறுவடைக்கு முன் கொட்டிய விதையையும் குறித்து வையுங்கள்.