மருந்துச் சீட்டை ஒருமுறை உதறிப் பாருங்கள்

குன்னூரில் மருந்துக் கடை கவுன்டருக்குப் பின்னால் 31 வருஷம் நின்ற அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 64 வயது. பதினோரு வருஷமாகச் சுகர், கூடவே பிரஷர், கொழுப்பு. மாதம் 3,735 ரூபாய் மாத்திரைக்கே போகிறது. கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை எங்களுக்கு. பச்சை இலைக்குக் கிடைக்கிற விலையில் உரம் வாங்குவதா, மாத்திரை வாங்குவதா என்று ஆகிவிட்டது. மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் 20 சதவீதம் தள்ளுபடியாம். மாதா மாதம் இறங்கிப் போய் வாங்கி வரலாமா? சீட்டும் பில்லும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று, அம்மா பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறார். கேட்டால், "தலை சுத்தலையே" என்கிறார்.
(பெயர் வேண்டாம்)

பதில்: தள்ளுபடிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 3,735-இல் 20 சதவீதம் 747 ரூபாய். பஸ் கட்டணம், வழியில் டீ, டிபன், அன்றைக்கு இலை பறிக்காமல் போன கூலி எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவு தள்ளுபடி எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யோசித்ததுண்டா? நான் வேலை பார்த்த ஒரு கடையில், அட்டையில் 95 ரூபாய் அச்சடித்த கேஸ் மாத்திரை எங்களுக்கு 14 ரூபாய்க்கு வரும். 20 சதவீதம் குறைத்து 76-க்குக் கொடுப்போம். வாங்குகிறவர் கும்பிட்டுவிட்டுப் போவார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

உங்கள் காசு அந்தச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பில்லைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். சுகருக்குப் போடுகிற எம்பாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம், 30 மாத்திரை, 1,800 ரூபாய். மொத்தச் செலவில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒன்றுக்கே. அம்மாவுக்கு இதை எழுதியது 2023-இல். அப்போது இந்த மருந்துக்குக் காப்புரிமை இருந்தது, மாத்திரை ஒன்று 60 ரூபாய் வாக்கில். 2025 மார்ச்சில் இந்தியாவில் அந்தக் காப்புரிமை முடிந்துவிட்டது. அந்த மாதமே நம் நாட்டுக் கம்பெனிகள் வரிசையாக இறங்கின. அதே மருந்து, அதே அளவு, பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குள் கிடைக்கிறது. நீங்கள் இன்னும் பழைய சீட்டையே நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள், கடைக்காரரும் பழைய பெட்டியையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவரைத் திட்டாதீர்கள். சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் இருக்கும்போது, அதே மருந்தானாலும் வேறு பெயரில் தானாக மாற்றித் தர நம் நாட்டு மருந்து விதிகள் அனுமதிப்பதில்லை. மாற்ற வேண்டியவர் டாக்டர். அவரிடம், "சார், இதே மருந்தை விலை குறைவான கம்பெனியில, இல்லைன்னா மருந்தோட பெயரையே எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்வார் என்ற பயம் வேண்டாம். மாத்திரை என்ன விலை என்பதே பல டாக்டர்களுக்குத் தெரியாது. பில்லைக் கையோடு கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே மாதம் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல் நிற்கும். மேட்டுப்பாளையம் போகவே வேண்டாம்.

அடுத்து கேஸ் மாத்திரை, 360 ரூபாய். இதை எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று அம்மாவைக் கேளுங்கள். மூட்டு வலிக்கு ஒரு வாரம் வலி மாத்திரை கொடுத்தபோது துணைக்கு வந்தது, வலி மாத்திரை போன பிறகும் சீட்டிலேயே தங்கிவிட்டது என்பதாக இருக்கலாம். கவுன்டரில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். சீட்டில் மருந்து சேருவது சுலபம், எடுக்கத்தான் ஆள் இருக்காது. நீங்களாக நிறுத்தாதீர்கள், "இது இன்னும் வேண்டுமா?" என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு அந்தச் சிவப்பு நரம்புச் சத்து மாத்திரை, 600 ரூபாய். முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் சுகர் மாத்திரையில் இருக்கிற மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் போட்டால் உடம்பில் பி12 குறையலாம், கேஸ் மாத்திரையும் அதையே செய்யும். ஒருமுறை ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால், பத்துச் சரக்கு கலந்த சிவப்பு மாத்திரைக்குப் பதில் வெறும் பி12 போதுமா என்று டாக்டரையே கேட்கலாம்.

மீதி மூன்றும் பழைய, எளிய மருந்துகள். சுகருக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது 540, பிரஷருக்கு டெல்மிசார்டன் 240, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 195. மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் இந்த மாதிரி மருந்துகளை மூலப்பெயரில், அதாவது கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே, மலிவாக விற்கிறார்கள். சீட்டில் மூலப்பெயர் இருந்தால் போய் நின்று கேட்கச் சுலபம்.

அதற்கும் முன்னால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை எட்டிப் பாருங்கள். சுகர், பிரஷர் மாத்திரை அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். அங்கே தருகிற பிரஷர் மாத்திரை வேறு வகையாக இருக்கலாம். அதனால் இப்போது பார்க்கிற டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள், இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடப் போகிறார் அம்மா. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் யாரும் வர முடியாது. பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இதற்கு நம்பாதீர்கள். அது ஆஸ்பத்திரியில் செய்கிற சிகிச்சைக்கு, மாதாமாத மாத்திரைக்கு அல்ல.

இப்போது அம்மாவிடம் வருகிறேன். ஒரு நாள் விட்டுப் போடுவதால் அவர் மிச்சம் பிடிப்பது மாதம் 120 ரூபாய். சீட்டிலேயே எட்டு ரூபாய் மாத்திரையை விட்டுவிடுகிறார், இருபது ரூபாய்ச் சிவப்பு மாத்திரையை ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டார். கேட்டுப் பாருங்கள், "அதுதான் தெம்பு" என்பார். பிரஷர் ஏறினால் தலை சுற்றியே தீரும் என்பதில்லை, சத்தம் போடாமல் ஏறும். ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகுதான் பல வீடுகளில் தெரியவே வருகிறது.

கம்பெனி மாற்றிய பிறகு வெறும் வயிற்றுச் சுகரை இரண்டு வாரத்திலும், மூன்று மாத சராசரியை மூன்று மாதம் கழித்தும் பாருங்கள். உங்கள் படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அட்டைகளைக் கத்தரியால் நறுக்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறீர்கள். காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். உங்கள் டப்பாவில் தேதி இருக்கிற துண்டு ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள், தேதி இல்லாத முனையிலிருந்து பிரித்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையையும் இப்படி மலிவான கம்பெனிக்கு மாற்றலாமா?
(வாசகர், கூடலூர்)

பதில்: வேண்டாம். நூறு மாத்திரை பாட்டிலே பெரிய விலை இல்லை, அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. கம்பெனிக்குக் கம்பெனி சின்ன வித்தியாசம் வந்தாலும் உடம்புக்குத் தெரிகிற மருந்து அது. கடையில் கிடைக்காமல் மாற்ற நேர்ந்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். வலிப்பு மாத்திரைக்கும், ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற வார்ஃபரினுக்கும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி: தாத்தாவுக்கு இன்சுலின் பேனா கட்டுப்படியாகவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பாட்டில் இன்சுலின் இலவசம் என்கிறார்கள். மாறலாமா?
(வாசகி, ஊட்டி)

பதில்: டாக்டர் சம்மதித்தால் தாராளமாக. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. பாட்டிலில் வருகிற பழைய வகை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியிருக்கும், அளவும் மாறலாம்.

ஊசியைக் கவனியுங்கள். நம் ஊர்ப் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் 100 யூனிட். 40-க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி ஊசி போட்டால் தாத்தாவுக்கு வேண்டியதில் பாதிகூடப் போகாது. பேனாவிலிருந்து ஊசியால் உறிஞ்சிப் போடுகிற வேலையே வேண்டாம்.

இன்னொன்று, இன்சுலின் உறைந்தால் கெட்டுப்போகும், உருகிய பிறகும் போடக் கூடாது. ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். தை மாதம் உறைபனி கொட்டுகிற ராத்திரியில் ஜன்னல் திண்டிலும் வேண்டாம். திறந்த பாட்டிலுக்குச் சமையலறை உள் அலமாரியே போதும். திறந்த பாட்டிலில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள், நாலு வாரம் கணக்கு.