குறியீட்டிய ஓவியர்கள் (பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பார்ப்பதை அப்படியே வரையாமல் குறியீடுகளால் உணர்வைச் சொன்னவர்கள்) வரைந்த காதல் தேவதை வீனஸ், பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் போத்திச்செல்லி சிப்பிமேல் நிற்கவைத்து வரைந்த வீனஸைப் போல ஏன் இல்லை?

அவர்களுக்கு வீனஸின் உடம்பு முக்கியமில்லை, அவளைச் சுற்றி இருப்பதுதான் முக்கியம். என் பார்வையில் விஷயம் இவ்வளவுதான்.

முதலில் அவர்களுக்குப் பிடிக்காத வீனஸைப் பார்த்துவிடுவோம். 1863 பாரிஸ் சலோன் கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் கபனேல் வைத்த 'வீனஸின் பிறப்பு'. அலைமேல் சொகுசாகப் படுத்திருக்கிறாள். மேலே குட்டி மன்மதன்கள் பறக்கிறார்கள். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே விலை கொடுத்து வாங்கினார். வரைந்த கை சுத்தம்தான், ஆனால் புராணப் பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு நிர்வாணப் படம்.

இப்போது ஆங்கில ஓவியர் பர்ன்-ஜோன்ஸின் 'லாவுஸ் வெனெரிஸ்', அதாவது 'வீனஸின் புகழ்' (1873-78, இங்கிலாந்தின் நியூகாசில் லெயிங் காட்சிக்கூடம்). இதில் காதல் தேவதை சுவரில் தொங்கும் திரைச்சீலைக்குள் தேரில் போய்க்கொண்டிருக்கிறாள். முன்னால் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு ராணி சாய்ந்திருக்கிறாள். தோழிகள் வாத்தியங்களோடு காத்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே குதிரை வீரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த ராணி யாரையும் கவனிக்கவில்லை. காதல் பிடித்த ஆள் எப்படிச் சோர்ந்து கிடப்பாள் என்பதுதான் படம்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் பிரெஞ்சுக் குறியீட்டிய ஓவியர் ஒதிலோன் ரெதோன். பல வருடம் கரிக்கோலில் கறுப்புப் படங்களாகவே போட்டுத் தள்ளியவர், பிற்காலத்தில் வண்ணத்துக்கு வந்தார். 1912 வாக்கில், எழுபதைத் தாண்டிய வயதில், 'வீனஸின் பிறப்பு' வரைந்தார். பாரிஸின் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் இருக்கும் பேஸ்டல் (உலர்ந்த வண்ணக்கட்டி) படத்தைப் பாருங்கள். போத்திச்செல்லியிடம் சிப்பி காலடியில் ஒரு படகு. இங்கே அதே சிப்பி வாய் திறந்து நிமிர்ந்து நின்று அவளை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. உட்புறத்து இளஞ்சிவப்பும் அவள் தோலின் நிறமும் கலந்துவிடுவதால் கோடு எங்கே முடிகிறது என்று பிடிபடாது. பேஸ்டல் பொடி என்பதால்தான் அந்த மயக்கம் சாத்தியம். எண்ணெய் வண்ணத்தில் இவ்வளவு மென்மையாக வருமா என்பது சந்தேகமே. கருப்பை என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் வேறு எதுவும் மனதில் தோன்றாது.

அதே 1912இல் அவர் வெறும் சிப்பியை மட்டும் ஒரு படமாக வரைந்திருக்கிறார். அது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வீனஸே கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். எனக்கென்னவோ இரண்டாவதுதான் நல்ல வீனஸ் படம்.