ஸ்காக்ஸ் & ரைஸ் ஆல்பத்தில் ஒரு கிட்டார், ஒரு மாண்டலின், இரண்டு குரல்தான். நாங்கள் இருவரும் அதையே வாசித்தால் ஏன் பஜனை மாதிரி கேட்கிறது?

இரண்டாவது குரல் தவறான இடத்தில் நிற்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தொண்ணூறு சதவீதம் அதுதான். ஒன்று, இருவரும் ஒரே மெட்டைப் பாடுகிறீர்கள். இல்லையென்றால் மேல்குரல்காரர் மெட்டை அப்படியே தூக்கி ஒரே இடைவெளியில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார். (பஜனையைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே ஒரே குரலாகச் சேர்வதுதான் அழகு. சண்டைக்கு வர வேண்டாம்.)

முதலில் ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம். ரிக்கி ஸ்காக்ஸும் டோனி ரைஸும் 1975-இல் ஜே. டி. க்ரோவின் நியூ சவுத் குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். 1980-இல் ஷுகர் ஹில் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பத்தில் பான்ஜோ, ஃபிடில், பேஸ் எதுவும் கிடையாது. பான்ஜோ இல்லாமல் ப்ளூகிராஸா (அமெரிக்கத் தென்மாநிலங்களின் கம்பிக்கருவி இசை) என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்பதும் நியாயம்தான். 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பான்ஜோவோடு, ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பிறகுதான் நாம் இன்று ப்ளூகிராஸ் என்கிற ஒலி முழுசாக வருகிறது. இந்த ஆல்பம் அதற்கும் முந்தைய பாணிக்குப் போகிறது: 1930-களில் தென்மாநிலங்களில் அண்ணன் தம்பி ஜோடிகள் பாடிய பாணி. சார்லி மன்றோவும் தம்பி பில்லும் 1936 முதல் 1938 வரை ப்ளூபேர்ட் நிறுவனத்துக்காக 60 பாடல்கள் பதிவு செய்தார்கள். சார்லியிடம் கிட்டார், பில்லிடம் மாண்டலின், அவ்வளவுதான். உங்கள் பாடம் அங்கேதான் இருக்கிறது.

இனி குரல். கீழே மெட்டைப் பாடுவது லீட், மேலே பாடுவது டெனர். சுரத்தில் சொல்கிறேன், ஸ்டாஃப் நொட்டேஷன் படித்தவர்கள் மன்னிக்கவும். டெனர் பாட வேண்டியது, அந்த நிமிடம் ஒலிக்கும் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டில்) லீடின் சுரத்துக்கு மேலே அடுத்ததாக இருக்கும் சுரம். ஜி-யை ச என்று வைத்தால் ஜி கார்டு ச க ப, சி கார்டு ம த ச, டி கார்டு ப நி ரி. லீட் ச பாடும்போது ஜி கார்டு ஒலித்தால் டெனர் க. அதே ச-வை சி கார்டின் மேல் பாடினால் டெனர் ம. லீட் ப-வில் நின்றால் ஜி கார்டில் டெனர் மேல் ச, டி கார்டில் நி. கீபோர்டு வகுப்பில் "எப்போதும் மூன்றாம் சுரம்" என்று சொல்லிக் கொடுத்திருந்தால் சி கார்டு வரும் இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். லீட் ச, டெனர் க, கிட்டாரில் ம. க-வும் ம-வும் பக்கத்துப் பக்கத்தில் உரசும். யாரும் அபசுரமாகப் பாடியிருக்க மாட்டார்கள், ஆனாலும் இடிக்கும். இரண்டு கார்டு சுரங்களுக்கு நடுவே ஓடும் சின்ன சுரங்களில் மட்டும் மூன்றாம் சுரமாகவே போகலாம்.

இதைத் தாண்டிய பாட்டும் ஆல்பத்தில் ஒன்று உண்டு, வேர் த சோல் ஆஃப் மேன் நெவர் டைஸ். அதன் பல்லவியில் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைப் பாடும். அதை முதலில் எடுக்காதீர்கள். பரி மீ பினீத் த வில்லோவில் தொடங்குங்கள். கார்டர் குடும்பம் 1927 ஆகஸ்ட் 1 அன்று பிரிஸ்டல் நகரில் முதன்முதலாகப் பதிவு செய்த பாட்டு இதுதான். முதல் பாதி ஜி, சி, ஜி, டி. அடுத்த பாதி ஜி, சி, பிறகு ஜி-யும் டி-யும் கிட்டக்கிட்ட வந்து கடைசியில் ஜி. மூன்று கார்டுதான். லீடுக்கு வசதியான சுருதி எது என்று பார்க்காதீர்கள், டெனருக்கு எட்டும் உயரம் எது என்று பாருங்கள். சுருதியை ஏற்ற வேண்டுமென்றால் கிட்டாரில் ஜி பிடியை மாற்றாமல் 2-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் இருக்கும் குறுக்குக் கட்டை) கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போட்டால் ஏ, 4-இல் போட்டால் பி.

மாண்டலினுக்குக் கேப்போ வேண்டாம். சாப் என்பது அடித்த உடனே ஒலியை அடக்கிவிடும் வெட்டு அடி. ஜி-க்கான சாப் பிடி, தடித்த கம்பியிலிருந்து ஃப்ரெட் எண்கள் 7-5-2-3. எல்லாம் மூடிய சுரம், திறந்த கம்பி எதுவும் இல்லை என்பதால் இரண்டு ஃப்ரெட் தள்ளினால் 9-7-4-5, அது ஏ. விரல் எட்டவில்லையென்றால் 7-ஐ விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பிடியுங்கள். சாப் விழ வேண்டியது 2, 4 தட்டுகளில். அடித்த கணமே இடது கை அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், விரலைக் கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் திறந்த கம்பிகள் ரீங்கரிக்கும்.

இங்கேதான் பெரும்பாலான ஜோடிகள் சறுக்குகின்றன. கிட்டார்காரரும் எல்லாத் தட்டிலும் முழுசாக அடிப்பார், 2, 4-இல் மாண்டலின் சாப் அதன் மேலேயே விழும், கீழே ஒன்றுமே இருக்காது. பேஸ் இல்லாத ஜோடியில் கிட்டார்தான் பேஸ். 1, 3 தட்டுகளில் தடித்த கம்பி மட்டும் (ஜி-க்கு ஆறாம் கம்பி 3-ஆம் ஃப்ரெட், பிறகு திறந்த நான்காம் கம்பி), 2, 4-இல் மெல்லிய கம்பிகளை லேசாக ஒரு வருடல். மாண்டலினும் பாட்டு முழுக்கச் சாப் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வரி முடிந்து பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் நாலு சுரம் போட்டால் போதும்.

ரைஸின் கிட்டார் 1935 மார்ட்டின் டி-28, அதற்கு முன் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் வைட்டிடம் இருந்தது, ஒலித்துளை வழக்கத்தைவிட அகலம். அந்தக் கிட்டார் இல்லாமல் முடியாது என்பவர்களை நம்பாதீர்கள். 12-54 கம்பி (மெல்லியது 0.012, தடித்தது 0.054 அங்குலம்), 1 மில்லிமீட்டருக்குக் குறையாத பிக், இது போதும். மெல்லிய பிக்கில் பேஸ் சுரம் தொளதொளவென்று வரும்.

நண்பரின் மாண்டலினையும் ஒருமுறை பாருங்கள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். எட்டுக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் நகர்ந்துவிடும், அப்புறம் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் மேல் ஃப்ரெட்டுகள் பிசகும். 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு வாசிக்கும் சுரம்) அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ட்யூனரில் பாருங்கள். அழுத்திய சுரம் கூடினால் பிரிட்ஜை வால்பக்கம் தள்ளுங்கள், குறைந்தால் கழுத்துப்பக்கம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. இந்த ஆல்பத்தை "மரபுப் பாடல்கள்" என்று மொத்தமாக முத்திரை குத்துகிறார்கள். டென்னஸி ப்ளூஸும் மேன்ஷன்ஸ் ஃபார் மீயும் பில் மன்றோவுடையவை. அந்த மன்றோ சிறுவயதில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கற்றார்? கென்டக்கியின் கறுப்பினக் கலைஞர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ். அவர் வாசித்ததில் ஒரு பதிவுகூட இல்லை, 1931-இல் இறந்துவிட்டார். "மரபு" என்று எழுதினால் பெயர் தேடும் வேலை மிச்சம், அவ்வளவுதான். நம் ஊர் நாட்டுப்புறப் பாட்டுத் தொகுப்புகளும் இதில் சளைத்தவை அல்ல, அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.

பதிவு செய்யும்போது ஹெட்போன் வேண்டாம். ஒரே மைக், இருவரும் எதிரெதிரே, டெனர் மட்டும் ஒரு சாண் பின்னால். உயரமான குரல் தானாகவே தூக்கலாகக் கேட்கும்.