வைரஸ் மருந்தும் விநோதப் பக்கவிளைவுகளும்: கேட்டவர்களுக்குப் பதில்

வைரஸ் எதிர்ப்பு மருந்து சாப்பிடுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். நான் மருந்தாளுநர். உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தவர் உங்கள் மருத்துவர்தான். கடைசி வார்த்தை அவருடையது.

கேள்வி: எச்ஐவிக்கு எஃபாவிரென்ஸ் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. ராத்திரி கண்ணை மூடினாலே பயங்கரக் கனவு, கத்திக்கொண்டு எழுந்திருக்கிறேன். எனக்குப் புத்தி பேதலிக்கிறதா அக்கா?

இல்லை தம்பி. அந்த மாத்திரை மூளைக்குள் போகக்கூடியது. கனவு, தலைசுற்றல், காலையில் தூக்கம் தெளியாத மந்தம் எல்லாம் அதன் வேலை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். மாத்திரையைச் சாப்பிட்ட கையோடு போடுகிறீர்களா? எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாட்டோடு போட்டால் மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறும், தொல்லையும் ஏறும். வெறும் வயிற்றில், படுக்கப் போகும்போது போடுங்கள். காலையில் தலை சுற்றினால் வண்டியைத் தொடாதீர்கள். ஆனால் பகலிலும் மனம் இருண்டுபோய், செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் நான்கு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மாற்று மருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமே 2019இல் டோலுடெக்ராவிரைத்தான் முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது.

கேள்வி: எச்ஐவிக்கு அட்டாசானாவிர் சாப்பிடுகிறேன். கண் மஞ்சளாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் காமாலை என்று பதறுகிறார்கள்.

பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை வெளியேற்றக் கல்லீரலுக்கு உதவும் ஒரு நொதியை இந்த மருந்து மந்தப்படுத்துகிறது. அதனால் மஞ்சள் தேங்குகிறது. கல்லீரல் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, மருந்தை மாற்றினால் மஞ்சளும் போய்விடும். இருந்தாலும் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை செய்து, மற்ற அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலோ, வாந்தியோ வலது மேல்வயிற்றில் வலியோ இருந்தாலோ அது வேறு விஷயம், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கோவிடுக்குப் பாக்ஸ்லோவிட். வாயில் எப்போதும் காசைச் சப்புகிற மாதிரி கசப்பு.

ஐந்து நாள் மருந்து, முடிந்ததும் ருசி திரும்பிவிடும். அதுவரை புளிப்பு மிட்டாய் ஏதாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கவலை கசப்பைப் பற்றியில்லை. அதிலுள்ள ரிட்டோனாவிர் மற்ற மருந்துகள் உடலில் சிதைந்து வெளியேறுவதைத் தடுக்கும், அவை ரத்தத்தில் ஏறிவிடும். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறீர்களா? அதையும் இதையும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது. நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் பட்டியல் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எச்ஐவிக்கு அபகாவிர் தொடங்கிய பத்தாம் நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் சொறி, வயிற்றுப்போக்கு. ஃப்ளூ என்று நினைத்து இரண்டு நாள் மாத்திரையை விட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது. நாளையிலிருந்து மறுபடி தொடங்கலாம்தானே?

கூடாது. ஒரு மாத்திரைகூடக் கூடாது. இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பார்க்கப் பயமுறுத்தும் மஞ்சள் கண் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சளிக்காய்ச்சல் மாதிரி சாதுவாக வருகிற இதுதான் ஆளையே சாய்க்கும். அபகாவிர் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் வரும். சாப்பிடச் சாப்பிட ஒவ்வொரு வேளையும் மோசமாகும், விட்டால் சட்டென்று குறையும். ஏமாறுவது இங்கேதான். குறைந்ததே என்று மறுபடி போட்டால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். எச்எல்ஏ-பி 5701 என்ற மரபணு இருப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தொடங்கும் முன்பே அதற்கு ரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். செய்தார்களா என்று கேளுங்கள். ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால் "அபகாவிர் ஆகாது" என்று ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும், வேறு பெயரில் வந்து சேரும்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம். அக்கிக்கு வாலாசைக்ளோவிர் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே யாரோ சுவரோரம் நிற்பதாகச் சொல்கிறார், பேச்சும் குழறுகிறது. வயதான தடுமாற்றமா?

மூன்று நாளில் வயது ஏறிவிடாது. இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது. சிறுநீரகம் சுணங்கினால் உடம்பிலேயே தேங்கி மூளையைக் குழப்பும். அடுத்த வேளை கொடுப்பதற்கு முன், இப்போதே அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துதான் காரணமென்றால் நிறுத்தியதும் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். அதே வைரஸ் மூளையைத் தாக்கியிருந்தாலும் இப்படித்தான் தெரியும் என்பதால் வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது.

கேள்வி: ஹெபடைடிஸ் பிக்கு டெனோபோவிர். வயிறு உப்புசம் தாங்கவில்லை. ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கட்டுமா?

வேண்டாம். அடங்கிக் கிடக்கும் வைரஸ் திரும்பக் கிளம்பி, கல்லீரலில் கடும் அழற்சி வரலாம். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் மருத்துவர் என்டெகாவிருக்கு மாற்றலாம், அதை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். புது மாத்திரை கைக்கு வரும்வரை பழையதை விடாதீர்கள்.