டார்க் பீர் கிட்டோடு வறுத்த தானியம் எதற்கு?

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வாங்கும் கிட் பெரும்பாலும் ஒரு டப்பா மால்ட் பாகுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் சேர்த்துச் சுண்டவைத்தது. வழக்கமான 1.7 கிலோ டப்பாவோடு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தால் சுமார் 23 லிட்டர் பீர் வரும். மால்ட்டும் கசப்பும் அதிலேயே இருக்கும்போது, ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கு மட்டும் தனியாக வறுத்த தானியம் ஏன்?

மணத்துக்காக. பாகைச் சுண்டவைக்கும்போது வறுத்த வாசனை கொஞ்சம் மங்கிவிடுகிறது. காப்பிக்கொட்டை மாதிரிதான்: பார்லி ஒன்றுதான், வறுக்க வறுக்க நிறமும் கசப்பும் ஏறும்.

சேர்க்கும் விதமும் டிகாக்ஷன் போடுவது போலத்தான். உடைத்த தானியம் 200, 300 கிராம் போதும். துணிப்பையில் கட்டி, 65–70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். தானியத்தோடு கொதிக்கவிட்டால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். அவசரக்காரர்கள் கெடுப்பது இங்கேதான். அப்புறம் பையை எடுத்துவிட்டு, அந்தச் சாற்றை மட்டும் கொதிக்கவைத்துப் பாகோடு கலக்கலாம்.

கறுப்பு பீர் என்றாலே போதை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பு ஸ்டவுட்டான கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம், பொன்னிறமான பெல்ஜியம் பீர் டுவெலில் 8.5.