இம்ப்ளாண்ட் பல் பராமரிப்பு: பல் மருத்துவர் பதில்கள்

கே: டாக்டர், போன மாதம்தான் கேப் மாட்டினார்கள். இது எத்தனை வருடம் வரும்?

ப: உள்ளே எலும்பில் இருக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ (அதுதான் இம்ப்ளாண்ட்) வேறு, மேலே பல்லாகத் தெரியும் கேப் வேறு. கேப் தேயும், உடையும், மாற்றிக்கொள்ளலாம். ஸ்க்ரூவின் ஆயுளை அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும்தான் முடிவு செய்யும். 1965-ல் ஸ்வீடனில் மருத்துவர் பிரோனெமார்க் முதல் நோயாளிக்கு வைத்த இம்ப்ளாண்ட்கள் 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. சரியாகப் பார்த்துக்கொள்ளாதவர்களுக்குச் சில வருடங்களிலேயே கழன்றதும் உண்டு.

கே: இம்ப்ளாண்டில் சொத்தையே வராதே, பிறகு எதற்கு இவ்வளவு கவனிப்பு?

ப: சொத்தை வராது என்பது சரி. பிரச்சினை ஈறில். சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் குறுக்காகச் செருகி இறுக்கிப் பிடித்திருக்கும். இம்ப்ளாண்டில் அந்தப் பிடிப்பு இல்லை. நார்கள் அதை ஒட்டியபடி ஓடுகின்றன, அவ்வளவுதான். அதனால் கிருமிப் படலம் கீழே இறங்குவது சுலபம். முதலில் ஈறு சிவக்கும், தொட்டால் ரத்தம் கசியும். அந்தக் கட்டத்தில் நன்றாகச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பை முழுசாக மீட்பது மிகவும் கடினம்.

இம்ப்ளாண்டுக்குள் நரம்பு இல்லை. எலும்பு பாதி போன பிறகும் பலருக்கு வலி இருக்காது. வலிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கே: எந்த பிரஷ் வாங்கணும்?

ப: மென்மையான முடியுள்ள சாதாரண பிரஷ் போதும். வெள்ளையாக்கும் சொரசொரப்பான பேஸ்ட் வேண்டாம். கூடவே பல்லிடுக்கு பிரஷ் ஒன்று, கம்பிமேல் பிளாஸ்டிக் பூசியதாக. கண்ணாடி முன் நின்று கேப்பும் ஈறும் சேரும் கோட்டைப் பாருங்கள். அழுக்கு சேருவது அங்கேதான். கம்பி எங்கும் உரசாமல், முடிகள் மட்டும் இரண்டு பக்கமும் தொட்டு லேசாக எதிர்க்க வேண்டும். சும்மா போய் வந்தால் அளவு சிறிது. திணிக்க வேண்டியிருந்தால் பெரிது. கன்னப் பக்கத்திலிருந்து ஒருமுறை, நாக்குப் பக்கத்திலிருந்து ஒருமுறை. இரண்டாவதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

கே: இதெல்லாம் பழைய முறை சார். மூன்று வருடமாகத் தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃப்ளாஸர் மட்டும்தான். ஒரு பிரச்சினையும் இல்லை.

ப: வலி இல்லை என்கிறீர்களா, ரத்தம் இல்லை என்கிறீர்களா? முதலாவது கணக்கில் சேராது. தண்ணீர் உணவுத் துணுக்கைத் தள்ளும், தளர்ந்த படலத்தையும் ஓரளவு கலைக்கும். ஒட்டிக்கொண்டதை எடுக்க பிரஷ் முடியால் தேய்க்கத்தான் வேண்டும். கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், பிரஷுக்குப் பதிலாக வேண்டாம்.

கே (அவரே): அப்படியென்றால் அத்தனை டாக்டர்கள் ஏன் பரிந்துரைக்கிறார்கள்?

ப: கூடுதலாகத்தான். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், வரிசையாகப் பொருத்திய பற்களுக்கு அடியில் கை எட்டாதவர்களுக்கும் அது பெரிய உதவி. நான் அதற்கு எதிரி இல்லை. அழுக்கைக் காட்டும் சாய மாத்திரை கிடைக்கும். இன்றிரவு தண்ணீர் அடித்து முடித்ததும் ஒன்றை மென்று, கண்ணாடியில் பாருங்கள். பிறகு சண்டை போடலாம்.

கே (வேறொருவர்): நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பல்லிடுக்கில் விட்டுச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் இம்ப்ளாண்டில் சிக்கி ஈறு வீங்கும் என்கிறார்களே, அதற்குத் தண்ணீர் மேல் இல்லையா?

ப: நல்ல கேள்வி. ஈறு இறங்கி ஸ்க்ரூவின் சொரசொரப்பான பகுதி வெளியே தெரிந்தால் நூல் இழை பிரிந்து மாட்டிக்கொள்ளலாம். ஈறு வீங்கவும் செய்யும். அந்த இடத்தில் நூல் வேண்டாம். நூலை விட்டால் தண்ணீர்தான் என்று இல்லை, இடுக்கு பிரஷ் இருக்கிறது.

கே: எவ்வளவு வருடம் தாங்கும் டாக்டர்?

ப: முதல் பதில்.

கே: கேப் லேசாக ஆடுது.

ப: உடனே போங்கள். பெரும்பாலும் கேப்பைப் பிடிக்கும் சிறிய திருகு தளர்ந்திருக்கும், இறுக்கிவிடலாம். உள்ளே இருப்பதே ஆடினால் கதை வேறு. வீட்டில் பசை போட்டு ஒட்டாதீர்கள்.

கே: எம்ஆர்ஐ எடுக்கலாமா?

ப: டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. வாய்ப் பகுதியில் படம் கொஞ்சம் கலையலாம். ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லுங்கள்.

கே: எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறேன்.

ப: ஊசி எழுதிய மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்து பேச வேண்டிய விஷயம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: நாளைக்கு இரண்டே சிகரெட்தான்...

ப: சிகரெட்டையே விட்டுவிடுங்கள். குறைப்பது அல்ல, நிறுத்துவது. கட்டுப்படாத சர்க்கரையும் இதே ரகம்.

கே: தூக்கத்தில் பல்லைக் கடிப்பேன்.

ப: இரவில் பல்மேல் மாட்டும் கவசம் அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். இம்ப்ளாண்டுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை கிடையாது, அடி நேராக இறங்கும்.

கே: லைஃப்டைம் வருமா சார்?

ப: மேலே. மூன்றாவது தடவை.

கே: இரண்டு வாரமாக அந்த இடத்தில் ரத்தம் வருது. பயந்து துலக்குவதை விட்டுவிட்டேன். வலி சுத்தமாக இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

ப: பார்க்க வேண்டாம். ரத்தம் வருவதால் துலக்காமல் விட்டால் இன்னும் அதிகமாக வரும். இன்றிரவே மென்மையாகத் தொடங்குங்கள். இந்த வாரமே நேரம் வாங்குங்கள். கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். எலும்பு இறங்கியிருக்கிறதா என்பதைப் புதிய படத்தோடு அதை ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.